கூழ் குடித்தால் சாப்பிட்டதாகுமா

எங்கள் ஊரில் என்னைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியும் உண்மைதான். மருந்தகத்தில் போடுகிற வெள்ளைக் கோட்டோடு எங்கள் மலைமேல் ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் வேண்டுமென்றே நின்றிருக்கிறேன். கழற்றி மடித்துப் பையில் வைக்க நேரமில்லாமல் இல்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். பார்த்தார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தி அருகில் வந்து, "இன்னா, நர்சு ஆய்ட்டியா?" என்று கேட்டாள். "நர்சு ஊசி போடுவாங்க. நான் மருந்து எடுத்துக் குடுக்கறவ. அது வேற, இது வேற" என்று ஆரம்பித்து, பேருந்து வரும்வரை வித்தியாசத்தை விளக்கினேன். பேருந்தைக் கண்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அதே ஆண்டில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணம், பிறகு குழந்தை, பிறகு சாமை, பிறகு புளி. நடுவில் என் படிப்பை யாரும் தடுக்கவும் இல்லை, படி என்று சொல்லவும் இல்லை. என் வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போவார். அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டுப் படிப்பு இருப்பதை அவர்தான் கேட்டுக்கொண்டு வந்தார். ஃபார்மசி டெக்னீஷியன் என்று பெயர். மருந்தாளுநருக்குக் கீழே நின்று மருந்தை எடுத்து, சரிபார்த்து, விளக்கிக் கொடுக்கிற வேலை. "ஒன்னால எதுலயும் குத்தம் கண்டுபுடிக்காம இருக்க முடியாதே, இந்த வேலைக்கு அதான் வேணுமாம்" என்றார். பாராட்டா கேலியா என்று நான் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டேன். வார நாட்களில் திருப்பத்தூர் விடுதி, வாரக் கடைசியில் மலை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே என் அப்பா அம்மா இருந்ததால் மகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

"மாத்திரை கிழிச்சிக் குடுக்கறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கிழிப்பதில்தான் முதல் பாடமே. அட்டையை இஷ்டத்துக்கு வெட்டக் கூடாது. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கிற பக்கம் கடைசிவரை மிஞ்சும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர வேண்டும். பெயரை வெட்டி எறிந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் வெள்ளை மாத்திரை. அது எதற்கென்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பெயர்களே ஒரு பெரிய தலைவலி. 'மெட்' என்று தொடங்குவதே ஒரு பட்டாளம் இருக்கிறது. ஒன்று சர்க்கரைக்கு, ஒன்று வயிற்றுப்போக்குக்கு, இன்னொன்று ரத்தக் கொதிப்புக்கு. முதல் எழுத்தைப் பார்த்துக் கை நீட்டினவள் கெட்டாள். முழுப் பெயரையும் படி, பவர் எவ்வளவு என்று பார், எடுத்த பிறகு ஒரு தடவை பார், கொடுக்கும் முன் இன்னொரு தடவை பார் என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பழக்கினார்கள். என்னைப் போன்ற சந்தேகப் பிராணிக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்?

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் பள்ளிக்கூட வாசனை போகாத பெண்கள். என்னை அக்கா என்றார்கள். முதல் வாரத்தில் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருந்ததை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நான் சத்தமாக, "நூத்தியொண்ணு" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, இரவு ஒன்று என்று அதற்கு அர்த்தமாம். நூற்றியொன்று என்றால் எனக்குத் தெரிந்தது மொய்தான். சிரித்தவர்களை ஒவ்வொருத்தியாக முறைத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன். மாதாந்திரத் தேர்வில் பிழையில்லாமல் மருந்து எடுப்பதில் நான்தான் முதலில் வந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் வேறு யாரையாவதுதான் கூப்பிட வேண்டும்.

மாத்திரையைக் கையால் தொடாமல் தட்டில் கொட்டி, தட்டையான கத்தியால் ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ண வேண்டும். அது எனக்கு முதலில் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் முறத்தில் மொச்சைக் கொட்டையைக் கொட்டி, தோசைக் கரண்டியால் ஐந்தைந்தாகத் தள்ளிப் பழகினேன். கை வேகம் பிடித்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் அடுப்படியை எட்டிப் பார்த்து, "இனிமே கொழம்புல ஆளுக்கு எத்தினின்னு எண்ணித்தான் போடுவியா?" என்று கேட்டார். "பேசுனா அஞ்சு கொறையும்" என்றேன்.

இனி அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். புளி உலுக்க எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கிளையில் கால் கட்டைவிரலை அழுத்தி ஊன்றி, கையை விட்டுவிட்டு நிற்பார். பேச்சிலும் அப்படித்தான், ஒரு பிடி பிடித்தால் விடமாட்டார். இன்னொருத்தர் சொல்லி அவர் ஒன்றைச் செய்தார் என்ற பேச்சே வாழ்நாளில் இல்லை.

அவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை. நான் படித்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு மூங்கில் பிளக்கையில் ஒரு சிம்பு வலது கால் கட்டைவிரலில் ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு மீதி மூங்கிலையும் பிளந்து முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். புண் ஆறவில்லை. மஞ்சள் வைத்தார்கள், எண்ணெய் வைத்தார்கள், அது உள்ளுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. திருப்பத்தூரில் அவர் வழக்கமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் பவரைக் கூட்டி எழுதினார். மறுபடி போனபோதும் இறங்கவில்லை, மறுபடியும் கூட்டினார். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுச் சொன்னார்: "ஐயா, சர்க்கரை இறங்கினாத்தான் இது ஆறும். இப்படியே போச்சுன்னா விரலை எடுக்கற மாதிரி ஆகிடும். அதோட நின்னாலும் நல்லதுதான்."

அப்பா காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டவெரல் இல்லாம மரத்துல இன்னாத்த ஊனிக்கினு நிக்கறதுங்க?" என்று கேட்டார். மலை ஏறும் வரைக்கும் பேருந்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் அழுதேன். மரத்தில் நிற்காத என் அப்பாவை என்னால் கற்பனை பண்ணிப் பார்க்கவே முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் சிலருக்கு அழுகை வரும். எனக்கு அழுகை முடிந்ததும் கோபம் வரும். மாத்திரை உள்ளே போனால் சர்க்கரை இறங்கத்தானே வேண்டும்? இரண்டு தடவை கூட்டியும் இறங்கவில்லை என்றால்? சந்தேகப்படுவதைத்தானே நான் படித்துக்கொண்டிருந்தேன். "நீ மாத்தர போடறதில்ல" என்றேன். "தப்பாம போடறேன்" என்றார். "போட்டா ஏன் எறங்கல?" "அத நீதான படிக்கற, நீ சொல்லு." அம்மா நடுவில் வந்து, "அவரு ஒழுங்காத்தாம்மா போடறாரு, நான் பாக்கறனே" என்றாள். நான் விடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்றீங்க" என்று கத்தினேன். அப்பா எழுந்து வெளியே போனார். அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். நான் சனிக்கிழமை வந்தால் அவர் நிலத்துக்குப் போய்விடுவார். என் மகளிடம், "ஒங்கம்மா வந்தா சொல்லு, தாத்தா இல்லன்னு" என்று எனக்குக் காதில் விழும்படியே சொல்வார்.

இந்த நிலைமையில்தான் வகுப்பு முடிந்து பயிற்சி தொடங்கியது. அதே ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் என்னைப் போட்டார்கள். அங்கே பொறுப்பில் இருந்த மருந்தாளுநர் மேடம் செங்கம் டவுனிலிருந்து வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். கேட்பவர்களுக்கு யாருக்கு யார் மேலே என்று குழப்பமாக இருக்கும். எனக்கும் முதலில் மனசுக்குள் ஒரு முறுக்கு இருந்தது. நேற்றுப் பிறந்த பெண் எனக்கு என்ன சொல்வது என்று. ஆனால் அவர் ஒரு சீட்டைக் கையில் வாங்கினால் கண்ணும் கையும் போகிற வேகத்தைப் பார்த்த பிறகு அந்த முறுக்கு தானாகத் தளர்ந்தது. நல்ல வேலைக்காரியைக் கண்டால் எனக்குப் பிடித்துவிடும்.

அவருக்கு என்னிடம் பிடிக்காதது என் குரல். ஒரு பாட்டி, "அந்தச் செவப்பு மாத்தர குடும்மா" என்று கேட்டபோது, "செவப்புல நூறு இருக்குது, எந்தச் செவப்பு?" என்று நான் எகிறிவிட்டேன். மேடம் அந்தப் பாட்டியை அனுப்பி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நாம சத்தம் போட்டா அவங்களுக்குச் சத்தம்தான் ஞாபகம் இருக்கும். மருந்து மறந்துடும்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அன்றிலிருந்து கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசினேன், குழந்தையைக் கூட.

காலையில் கடை திறக்கும்போது மேடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "சாப்ட்டீங்களாக்கா?" நானும் தவறாமல், "இல்ல மேடம்" என்பேன். அவருக்கு முகம் வாடிவிடும். டப்பாவைத் திறந்து இரண்டு இட்லியை என் பக்கம் தள்ளுவார். விடுதியில் இவளுக்குச் சோறு போடுவதில்லையோ, மிச்சம் பிடிக்கப் பட்டினி கிடக்கிறாளோ என்று அவர் நினைத்திருக்கிறார். நான் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. இட்லியை வேண்டாமென்று சொல்கிற அளவுக்கு எனக்குத் திமிர் கிடையாது. அவர் அம்மா அரைக்கிற வேர்க்கடலைச் சட்னிக்கு ஈடு இணையே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு கூழ் வண்டி நிற்கும். கேழ்வரகுக் கூழ், மோர் மிளகாய், சின்ன வெங்காயம். விடுதியிலிருந்து நடந்து வரும்போது தினமும் அங்கே நின்று ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். ஒரு நாள் மேடம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். நான் சொம்பை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தேன். இறக்கினால், எதிரே மேடம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"தெனமும் சாப்டலன்னு சொல்லி என் இட்லிய வாங்கித் தின்னீங்களே!"

"நான் பொய் சொல்லல மேடம். சாப்டல. கூழுதான் குடிச்சேன்."

"ஒரு சொம்புக் கூழு குடிச்சிட்டு சாப்டலன்னா என்னக்கா அர்த்தம்?"

"கூழு குடிச்சா குடிச்சதுதான் மேடம். அது எப்படி சாப்ட்டதாகும்? சாப்டறதுன்னா சோறு."

கூழ் வண்டிக்கார அண்ணன் என் பக்கம் சேர்ந்துகொண்டார். "அவங்க சொல்றது நாயந்தாம்மா. எங்கிட்ட குடிக்க வர்றவங்கதான், சாப்ட வர்றவங்க யாரு?" மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். நான் சிரித்துக்கொண்டே மிளகாயைக் கடித்தேன். கடித்தது வாயிலேயே நின்றுவிட்டது.

அப்பா தப்பாமல் போடுகிறேன் என்றாரே.

எங்கள் வீட்டில் காலையில் கூழ். மத்தியானம் நிலத்துக்கு எடுத்துப் போவதும் கூழ். இரவில்தான் சோறு வடிப்பது. அப்பாவின் சீட்டில் இருப்பது 1-0-1, சாப்பாட்டுக்குப் பிறகு. அதை அவருக்கு வாசித்துக் காட்டியதே நான்தான், புதிதாகப் படித்த பெருமையில். "காலைல சாப்ட்ட பின்னாடி ஒண்ணு, ராத்திரி சாப்ட்ட பின்னாடி ஒண்ணு, வெறும் வவுத்துல மட்டும் போட்றாத" என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். அவர் காலையில் என்றைக்குச் சாப்பிட்டார்?

சொம்பைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா காலைல மாத்தர போட்டாரா?"

"அவரு இன்னும் சாப்டலியே, எப்படிப் போடுவாரு? வெறும் வவுத்துல போடக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

"கூழு குடிச்சாரா?"

"அது எப்பவோ குடிச்சிட்டு நெலத்துக்குப் போய்ட்டாரு."

அம்மா மிகச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் குரலில் எந்தக் குழப்பமும் இல்லை. அவளுக்கு அது இரண்டும் வேறு வேறு. எனக்கும் ஒரு நிமிடம் முன்பு வரை அப்படித்தான் இருந்தது. மலையில் பிறந்த எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் அப்பா பொய் சொல்லவில்லை. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து அப்படியே கடைப்பிடித்திருக்கிறார். வாழ்நாளில் முதல்முறையாக இன்னொருத்தர் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார், அதற்குத்தான் நான் அவரைப் பொய்யர் என்றேன்.

"நாளையிலேர்ந்து கூழு குடிச்சதும் போடச் சொல்லு" என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் அதை விழுங்கினேன். இன்று வரைக்கும் என் படிப்பில் நான் மெச்சிக்கொள்கிற இடம் அதுதான். ஏனென்றால், அவர் இரண்டு வேளையும் போடுகிறார் என்று நம்பித்தான் டாக்டர் பவரைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். ஒரு வேளை மட்டும் போட்டுப் பழகிய உடம்பில், கூட்டி எழுதிய மாத்திரையைத் திடீரென்று இரண்டு வேளையும் போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். கூழைக் குடித்துவிட்டுச் சரிவில் ஏர் பிடிக்கிற மனுஷன் அங்கேயே மயங்கி விழுவார். மாத்திரையின் அளவை மாற்றுவது நம் வேலை இல்லை, தெரிந்ததை எழுதியவரிடம் கொண்டுபோய்ச் சொல்வதுதான் நம் வேலை என்று வகுப்பில் படித்திருந்தோம். அது அப்போது எனக்குப் பிடிக்காத பாடம். கூழ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அதன் அர்த்தம் புரிந்தது.

"எதையும் மாத்தாதீங்கம்மா. இப்ப எப்படிப் போடறாரோ அப்படியே இருக்கட்டும். டாக்டரக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. கடையைத் திறந்ததும் என்னை டாக்டரிடம் கூட்டிப் போய், "நீங்களே சொல்லுங்கக்கா" என்று முன்னால் தள்ளினார். நான் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார். "நல்லவேளை, நீங்களா போடச் சொல்லல. உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்.

கூட்டிக்கொண்டு வருவது அவ்வளவு லேசா? என் பெயரைச் சொன்னாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வாரே. என் வீட்டுக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். "மாமா, மண்டியில புளிய அடிமாட்டு வெலைக்குக் கேக்கறாங்க. எனக்குப் பேசத் தெர்ல. நீங்க வந்து ஒரு வார்த்த பேசுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். பேரம் என்று சொன்னால் போதும், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டியில் உட்கார்ந்து திருப்பத்தூர் வரைக்கும் மண்டிக்காரனை எப்படி மடக்குவது என்று சொல்லிக்கொண்டே வந்தாராம். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும், "இன்னாய்யா, இதான் மண்டியா?" என்று கேட்டாராம். நான் வாசலில் நின்றிருந்தேன். இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். புண்ணிருக்கிற காலைத் தரையில் வைக்காமல் தூக்கியே வைத்திருந்தார்.

"நீ பொய் சொல்லலப்பா" என்றேன். "நான்தான் சரியா கேக்கல."

எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் யாருக்குமே இல்லை. அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு கம்பியை விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

உள்ளே டாக்டர், "காலையில என்ன சாப்பிடுவீங்க ஐயா?" என்று கேட்டார்.

"காலைல எங்கங்க சாப்டறது? கூழு குடிச்சிட்டுப் போய்டுவேன்."

"அந்தக் கூழ்தான் ஐயா நாங்க சொன்ன சாப்பாடு."

அப்பாவுக்கு அது ஏற்கவில்லை. "அது எப்படிங்க? கூழு கூழுதான், சாப்பாடு சாப்பாடுதான்" என்று டாக்டரிடமே வாதாடினார். டாக்டர் சிரித்துவிட்டு, "உங்க மேல தப்பில்ல, நாங்க கேட்ட விதம்தான் தப்பு" என்றார். மாத்திரையின் பவரைக் குறைத்து, காலையில் கூழுக்குப் பிறகு ஒன்று, இரவு சோற்றுக்குப் பிறகு ஒன்று என்று புதிதாக எழுதினார். மயக்கம் வந்தால், வியர்த்துக் கொட்டினால் உடனே சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். "சர்க்கரைக்கு மருந்து குடுத்துட்டு சர்க்கரையும் திங்கச் சொல்றீங்களே" என்றார் அப்பா. அந்த ஊரிலேயே பெரிய மண்டிக்காரனிடம் பேரம் பேசிய திருப்தியோடு வெளியே வந்தார். ஆனால் அப்போதும் என்னிடம் பேசவில்லை. நான் சொன்னதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அதன் பிறகு மருந்தகத்தில் நாங்கள் கேள்வியை மாற்றினோம். மலைப் பக்கத்துச் சீட்டு வந்தால் நான், "காலைல வவுத்துக்கு இன்னாங்க போவுது?" என்று கேட்பேன். கூழு என்று பதில் வந்தால், "கூழு குடிச்சதும் போடுங்க" என்பேன். இதே கணக்கில் மாத்திரையை விட்டவர்கள் இன்னும் சிலர் அகப்பட்டார்கள். நானாகப் போடச் சொல்லாமல், அவர்களை ஒருத்தர் விடாமல் டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். மேடமும் என்னைப் போலவே வருகிறவர்களிடம், "வவுத்துக்கு இன்னா போவுது?" என்று எங்கள் பேச்சிலேயே கேட்கப் பழகினார். அவர் வாயில் அது சரியாக வராது, நான் கிண்டல் பண்ணுவேன். பயிற்சி முடிந்து தேர்விலும் தேறினேன். நல்ல மதிப்பெண். அதை இங்கே சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதே மருந்தகத்தில், மேடத்துக்குக் கீழே, எனக்கு வேலையும் கிடைத்தது.

அப்பாவின் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர்தான் அவரை வண்டியில் கொண்டு வருவார். கட்டு மாற்றுகிற நர்சு, புண்ணின் ஓரம் சிவந்து புதுச்சதை வருகிறது என்றார். பிறகு ஆழம் குறைகிறது என்றார். எதையும் நம்பக் கூடாது என்று நான் மனசைக் கட்டிப் போட்டிருந்தேன். புளி பழுக்கத் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள், அவர் யாரையும் கூப்பிடாமல் தனியாகப் பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். டாக்டர் அறையிலிருந்து வெளியே வருகிறபோது காலில் கட்டு இல்லை. செருப்பு போட்டிருந்தார். புண் மூடிவிட்டது, விரலை எடுக்க வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டதாக நர்சு ஓடி வந்து என்னிடம் சொன்னார். கவுன்ட்டரில் கூட்டம் இருந்தது. நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போய் முதலிலிருந்து எண்ணினேன்.

மேடம் கண்ணாடி ஓட்டை வழியாக, "அப்பா, நீங்க ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். "பரவால்லங்க, வரிசையிலயே வர்றேன்" என்று சொல்லிவிட்டு நின்றார். அவர் முறை வந்தது. சீட்டை உள்ளே நீட்டினார். நான் முழுப் பெயரையும் படித்தேன், பவரைப் பார்த்தேன், மாத்திரையை எடுத்தேன், மறுபடி பார்த்தேன். பெயர் மிஞ்சும்படி அட்டையை வெட்டி உறையில் போட்டேன். எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னேன்.

"காலைல கூழு குடிச்சதும் ஒண்ணு போடுங்க. ராத்திரி சோறு சாப்ட்டதும் ஒண்ணு போடுங்க. கால தெனமும் கழுவிப் பாருங்க. எங்கிட்ட ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொல்ல வைப்பது எங்கள் வழக்கம். சொன்னதை அவர்கள் வாயால் கேட்டால்தான் மருந்தை விடுவோம். ஆனால் இவரிடம் அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை சொன்னதைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒப்பிக்கிற ஆளா அவர்? பின்னால் வரிசையில் எங்கள் மலை ஆட்களும் நின்றிருந்தார்கள்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"காலைல கூழு குடிச்சதும் ஒண்ணு போடறேங்க" என்றார். "ராத்திரி சோறு சாப்ட்டதும் ஒண்ணு போடறேங்க. கால தெனமும் பாத்துக்கறேங்க."

என்னைப் பெற்றவர் என்னிடம் பேச்சை நிறுத்திய பிறகு பேசிய முதல் வார்த்தைகள் அவை. கேலியாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். உறையைத் தள்ளினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மேடம் என் கையிலிருந்த கத்தரியை வாங்கிக்கொண்டு, "நான் பாத்துக்கறேன். நீங்க போய் அப்பாவ பஸ் ஏத்திட்டு வாங்கக்கா" என்றார். நான் போகவில்லை. வரிசையில் ஆட்கள் இருந்தார்கள், அப்பாவும் நான் வருவேன் என்று நிற்கவில்லை. அவர் வாசல் படியில் இறங்குவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கட்டைவிரலை ஊன்றித்தான் இறங்கினார். நான் கத்தரியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே, "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டேன்.